துறைமுகம் வேறு, நகரம் வேறு

ஓய்வு பெற்ற தம்பதியரும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை எங்காவது அழைத்துச் செல்ல விரும்பும் பிள்ளைகளும் இப்பொழுது மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பற் பிரயாணத்தை நாடுகின்றனர். பெட்டியை ஒருமுறை அவிழ்த்து வைத்தாற் போதும். படுக்கையும் சாப்பாடும் கூடவே வருகின்றன. கப்பலிலேயே வைத்தியரும் இருக்கிறார். முதியோருக்கு இது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் கப்பல் கரையைத் தொட்ட பின்னர் நகரத்திற்குப் போய்ச் சேருவது எப்படி என்பதை, முதன்முறை போகிறவர்களிற் பலர் கப்பலேறிய பிறகே யோசிக்கின்றனர்.

விளம்பரப் புத்தகத்தில் ‘ரோம்’ என்று அச்சிட்டிருக்கும். கப்பல் போய் நிற்பதோ சிவிற்றவெக்கியா என்னும் துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் நகரம் சுமார் 50 மைல். ‘புளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. அதுவும் ஏறக்குறைய 55 மைல். ‘பாரிஸ்’ என்று போட்டிருந்தால் லு ஆவ்ர் துறைமுகம். புகையிரதத்திலேயே இரண்டு மணித்தியாலத்திற்கு மேல் செல்லும். வெனிஸ் நகரில் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் நகரின் நடுவேயுள்ள கால்வாயினூடாகச் செல்வது தடுக்கப்பட்டுள்ளது. அதனால் ‘வெனிஸ்’ என்று விற்கப்படும் சில பிரயாணங்களில் கப்பல் ரவென்னாவில் நிற்கிறது. அங்கிருந்து வெனிசுக்குச் சுமார் 90 மைல். ஆகவே பணங் கட்டுமுன் நகரத்தின் பெயரைப் பாராது துறைமுகத்தின் பெயரைக் கேட்டறிய வேண்டும்.

எல்லாத் துறைமுகங்களும் இப்படியல்ல. நேப்பிள்சில் கப்பலிலிருந்து இறங்கினால் எதிரே பழைய கோட்டை. நடந்தே நகருக்குள் போகலாம். பார்சலோனாவில் துறைமுக பஸ் கொலம்பஸ் சிலையடியில் இறக்கிவிடும். அங்கிருந்து ரம்ப்லா வீதி தொடங்குகிறது. ஏதென்ஸ் நகருக்குரிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நகரம் சுமார் 6 மைல். 2022இலிருந்து அங்கு இரண்டு மெட்ரோப் பாதைகள் வருகின்றன. இரண்டுமே அக்ரோபோலிஸ் குன்றுக்கு அண்மையிலுள்ள மொனாஸ்திராக்கி நிலையத்திற்குப் போகும். சந்தோரினித் தீவில் கப்பல் கரைக்கே வருவதில்லை. சிறு படகுகளில் இறக்குவார்கள். பின்னர் மேலேயுள்ள ஊருக்குக் கம்பிவட வண்டியில் ஏற வேண்டும், அல்லது ஏறக்குறைய 600 படிகள். முழங்கால் வலியுள்ளவர் படிகளை நினைத்தும் பார்க்கக் கூடாது. கம்பிவட வண்டிக்கு வெயிலில் நீண்ட வரிசை நிற்பதுண்டு.

இனி நேரக் கணக்கு. கப்பல் சிவிற்றவெக்கியாவில் காலை 7 முதல் மாலை 7 வரை நிற்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணித்தியாலம் என்று மனம் மகிழும். ஆனால் இறங்க அனுமதி கிடைத்து, துறைமுக வாயிலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, புகையிரத நிலையம் சென்று, சீட்டு வாங்கி வண்டி பிடிக்க 9 மணியாகிவிடும். ரோம் போய்ச் சேர 10 மணி. கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்பது விதி. ஒரு வண்டி தவறினாலும் அடுத்ததில் வரக்கூடியதாக, 4 மணிக்குள் ரோமை விட்டுப் புறப்பட வேண்டும். மிஞ்சுவது ஆறு மணித்தியாலம். அதிலும் மதிய உணவு உண்டு. ஆகவே வத்திக்கான் அல்லது கொலோசியம், இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே புத்தி. வத்திக்கானுக்கென்றால் இறுதி நிலையம் வரை போகாமல் சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினால் நடைதூரம். அங்கு தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கு, கோயிலுக்குச் சேலையுடுத்திப் போகும் நம் பெண்களுக்குச் சிரமமல்ல; அரைக் காற்சட்டையுடன் வரும் பிள்ளைகளுக்குத்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இத்தாலியில் கடதாசிப் புகையிரதச் சீட்டு வைத்திருப்போர், ஏறுமுன் மேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் அதை முத்திரையிட வேண்டும். இல்லையேல் சீட்டு இருந்தும் அபராதம் கட்ட நேரிடும்.

கப்பற் கம்பனி நடத்தும் சுற்றுலாவிற் போவதா, தனியே போவதா என்பது அடுத்த கேள்வி. தனியே போனால் செலவு மிகக் குறையும். விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் நிற்கலாம். ஆனால் கம்பனியின் பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது கம்பனியே பயணிகளை அடுத்த துறைமுகத்திற் கொண்டுபோய்ச் சேர்க்கும். தனியே போனவர் தாமதித்தால் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவிற் போக வேண்டும். ஆகவே நகரம் தூரமாயும் கூட வருபவர் முதியவராயும் இருந்தால் கம்பனிச் சுற்றுலா. நகரம் அண்மையிலாயின் தனியே. பொதுவாக இந்த விதி போதும். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் சில வேளை ஒரு மணி நேரம் வித்தியாசப்படும். இறங்குமுன் கப்பல் நேரத்தைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்க.

வைத்திய விடயத்திற் சில சொற்கள். அன்று முழுவதற்குமான மருந்துகளைக் கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும். அறையில் விட்டுச் சென்றால், கப்பல் தவறினால் மருந்துந் தவறும். இன்சுலின் ஏற்றுவோரும், சர்க்கரையைக் குறைக்கும் குளிசை எடுப்போரும் மதிய உணவைப் பிற்போடக் கூடாது. சைவ உணவு தேடி அலைந்து மூன்று மணியாவது எளிது. குளுக்கோஸ் வில்லையோ இனிப்போ சட்டைப் பையில் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் காய விடவும் கூடாது. சிறுநீர் போக்கும் குளிசையை, வழியிற் கழிப்பறை இராது என்று அஞ்சித் தாமாகவே நிறுத்துவோர் உளர். நேரத்தை மாற்றலாமா என்று பிரயாணத்திற்கு முன்பே தமது வைத்தியரைக் கேட்பதே முறை. கோடை வெயிலை இலேசாக எண்ணக் கூடாது. 2023 ஜூலையில் வெப்பங் கடுமையானபோது அக்ரோபோலிசையே நண்பகலில் மூடினார்கள். பழைய நகரங்களின் கல் பதித்த வீதிகளில் செருப்புடன் நடந்தால் கால் பிரளும். கட்டிய சப்பாத்து நல்லது.

ஒரே குடும்பத்தில் மகனிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டும், தாயாரிடம் இலங்கைக் கடவுச்சீட்டோ இந்தியக் கடவுச்சீட்டோ இருப்பது நம்மிடையே சாதாரணம். மகனுக்கு விசா தேவையில்லாத இடத்தில் தாயாருக்கு செங்கன் விசா வேண்டும். கப்பல் இடையில் துருக்கி போன்ற நாட்டுக்குப் போய் மீண்டும் கிரேக்கத்திற்கு வருமானால், பலமுறை நுழையக்கூடிய விசாவாக அது இருக்க வேண்டும். கரையிறங்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும், துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணையும் கொண்டு செல்க. கப்பலில் நாள்தோறும் தரும் தாளில் அவ்வெண் இருக்கும்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் அன்பின் மிகுதியால், “இவ்வளவு தூரம் வந்தும் ரோம் பார்க்காமலா?” என்று பெற்றோரை இழுத்துச் செல்வதுண்டு. முதியவரும் பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதென்று களைப்பை மறைத்து நடப்பார். நடையின் வேகத்தைக் கூட்டத்தில் மெதுவாக நடப்பவரே தீர்மானிக்க வேண்டும். லிவோர்னோவில் நிற்கும் நாளில் புளோரன்சை விட்டு, 15 மைலிலுள்ள பீசாவில் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு நேரத்துடன் திரும்புவதிற் குறையொன்றுமில்லை. ஒருநாள் கப்பலிலேயே இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் பிரயாணத்தின் ஒரு பகுதிதான். “நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்று அம்மா சொன்னால், அதை அவர் மனமாரச் சொல்கிறாரா என்று கேட்டறிந்து, மனமாரத்தான் என்றால் அப்படியே விட்டுவிடுவதும் அன்புதான்.