கொலுவில் இல்லாத பொம்மை

நவராத்திரி சமயத்தில் ஒரு முறை, சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், நண்பர் ஒருவரின் இல்லத்துக் கொலுவைப் பார்க்கும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. ஏழு படிகள். மேல் படிகளில் தெய்வங்கள். அவற்றின் கீழே மனிதர்கள். செட்டியாரும் செட்டிச்சியும் அரிசி பருப்பைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். போலீஸ்காரர் இருந்தார், பாம்பாட்டி இருந்தார், கைத்தடியுடன் காந்தியடிகளும் இருந்தார்.

அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி, எட்டு வயதிருக்கும், படிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டு அம்மாளிடம், "அத்தை, எல்லா வேலைக்காரவுகளும் இருக்காக. எங்க அம்மாவை மட்டும் காணோமே!" என்றாள்.

"உங்க அம்மாவுக்கு யாரு தாயி பொம்மை செஞ்சு வச்சிருக்கா? இந்தா, சுண்டலை வாங்கிக்கோ" என்றார் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தோம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. சிறுமியின் தாய் அந்நேரத்திலும் பட்டாசுக்குக் காகிதக் குழல் சுற்றிக்கொண்டிருந்தாள் என்பது பின்னர்தான் நமக்குத் தெரிந்தது. அப்பொழுது நாம் சிரித்த சிரிப்பு, ஊர் திரும்பும்போது நம்மையே உறுத்தத் தொடங்கிவிட்டது. குழந்தை கேட்டது வேடிக்கைக் கேள்வியல்ல. ஒரு தேசம் யாரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறது என்ற கேள்வி அது.

பொம்மை குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்தானே என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ் மொழி அப்படி எண்ணவில்லை. கண்ணின் மணிக்கும் பாவை என்று பெயர். பொம்மைக்கும் பாவை என்று பெயர். பெண்ணையும் பாவை என்றே அழைத்தோம். ஆற்று வண்டலில் பிடித்த வண்டற்பாவையையும், பஞ்சாய்க் கோரையால் முடைந்த பஞ்சாய்ப்பாவையையும் வைத்துப் பெண்கள் விளையாடியதைச் சங்க நூல்கள் கூறுகின்றன. நாரணாபுரம் இருக்கும் இதே விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், தம் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாமென்ற வேண்டுகோளுக்கே ஒதுக்கியிருக்கிறார்.

மணற் பாவை கரைந்துவிடும். கோரைப் பாவை உளுத்துவிடும். சுட்ட மண் மட்டும் நிலைத்து நிற்கும். சிவகாசிக்குச் சமீபத்தில், வைப்பாற்றங்கரையை ஒட்டிய வெம்பக்கோட்டையில், 2022-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் அகழ்வாராய்ச்சி தொடங்கினர். சங்கு வளையல்களும், கண்ணாடி மணிகளும், விளையாட்டுச் சில்லுகளும் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. அவற்றினிடையே சுடுமண்ணால் செய்த சிறு உருவங்களும் இருந்தன. அரசர்கள் தங்கள் வெற்றிகளைக் கல்லிலும் செப்பேட்டிலும் எழுதி வைத்துப் போனார்கள். சாமானிய ஜனங்கள் எப்படிக் கொண்டை போட்டார்கள், எதைக் காதில் அணிந்தார்கள், தங்கள் குழந்தைகளுக்கு எதைக் கொடுத்து அழுகையை அமர்த்தினார்கள் என்பதை எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லாது. பெயர் தெரியாத ஒரு கை பிடித்துச் சுட்ட மண்பொம்மைதான் அதைச் சொல்ல வல்லது.

ஆகவேதான், பொம்மைகளுக்கென்று ஒரு காட்சிசாலை அமைப்பது வீண் ஆடம்பரமல்ல என்று நாம் கருதுகிறோம். நம் தேசத்தில் அதற்கு வழிகாட்டியவர் ஒரு சித்திரக்காரர். காயங்குளத்தில் 1902-ல் பிறந்து, கேலிச் சித்திரத்தால் பெரும் புகழ் பெற்ற சங்கர் பிள்ளை அவர்களே அவர். 1948-ல் 'சங்கர்ஸ் வீக்லி' பத்திரிகையைத் தொடங்கிய அவர், குழந்தைகளுக்குச் சித்திரப் போட்டிகளும் நடத்தி வந்தார். அப்போட்டியில் பரிசாகக் கொடுக்கும்படி ஹங்கேரி தேசத்து ஸ்தானிகர் ஒரு பொம்மையை அவரிடம் அளித்தார். அதன் அழகில் ஈடுபட்ட சங்கர், பிறகு தாம் சென்ற தேசங்களிலிருந்தெல்லாம் பொம்மைகள் சேகரிக்கலானார். சேகரித்தவற்றைக் குழந்தைகளின் சித்திரங்களோடு ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். ஆனால் ஒவ்வொரு முறை கட்டி அவிழ்க்கும்போதும் பொம்மைகள் சேதமடைந்தன. இவற்றுக்கு ஒரு நிரந்தர வீடு வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கஷ்டத்திலிருந்தே பிறந்தது. 1965-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, ராஷ்டிரபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்கள் தில்லியில் அந்த வீட்டைத் திறந்து வைத்தார். சுமார் ஆயிரம் பொம்மைகளுடன் தொடங்கிய சங்கர் சர்வதேசப் பொம்மைக் காட்சிசாலை, நாளடைவில் 85 தேசங்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளுக்கு இருப்பிடமாயிற்று. அதனுடன் இணைந்த பட்டறையில் நம் நாட்டுப் பல பிரதேசங்களின் உடையணிந்த பொம்மைகளைச் செய்தார்கள். அயல்நாட்டுப் பொம்மைகளுக்குப் பதிலாக அவற்றை அனுப்பிவைக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

இத்தகைய இடத்தில் ஒரு குழந்தை ஒரு மணி நேரத்தில் கற்பதைப் பூகோளப் புஸ்தகம் ஒரு வருஷத்தில் கற்பிக்க முடியாது. ஓர் உதாரணம் கூறுவோம். ஜப்பானில் மார்ச்சு 3-ந் தேதி பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். சிவப்புத் துணி விரித்த படிகளில் சக்கரவர்த்தியும் சக்கரவர்த்தினியும் உச்சியில் வீற்றிருப்பார்கள். கீழே தோழியரும் வாத்தியக்காரர்களும் இருப்பார்கள். நம் வீட்டுக் கொலுவைப் பார்த்துப் பழகிய குழந்தை இதைக் கண்டதும், "அங்கேயும் படி கட்டுகிறார்களா!" என்று வியக்கும். அந்த ஒரு வியப்பிலேயே அயல் தேசம் அயல் தேசமாக இராமற் போய்விடுகிறது.

இதற்கு ஒரு சோகமான மறுபுறமும் உண்டு. 1924-ல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் ஜப்பானியரின் மனத்தைப் புண்படுத்தியது. அந்தப் புண்ணை ஆற்ற விரும்பிய சிட்னி குலிக் என்ற பாதிரியாரின் முயற்சியால், 1927-ல் அமெரிக்கக் குழந்தைகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஜப்பானும் அவ்வாண்டிலேயே 58 பெரிய பொம்மைகளைப் பதிலுக்கு அனுப்பிற்று. பின்னர் யுத்தம் மூண்டது. நீலக்கண் பொம்மைகள் பகைவரின் பொம்மைகள் ஆயின. பல கொளுத்தப்பட்டன, பல உடைக்கப்பட்டன. யாரோ சில ஆசிரியர்கள் மனம் வராமல் ஒளித்து வைத்ததனால் சுமார் முந்நூறு பொம்மைகள் மட்டும் தப்பிப் பிழைத்தன. சுதேசப் பற்று மிகுந்த நாம் இதை மறக்கலாகாது. நம்முடைய பொம்மையை நேசிப்பதற்குப் பிறருடைய பொம்மையைக் கொளுத்த வேண்டியதில்லை. ஜனங்களின் கோபதாபங்கள் மாறிக்கொண்டிருக்கும். அவை தணியும் வரையில் இத்தகைய பொருள்களைக் காப்பாற்றி வைப்பதே காட்சிசாலையின் தலையாய கடமை.

நிற்க. பொம்மைக் காட்சிசாலைகளிடம் ஒரு குறையும் உண்டு. ஒவ்வொரு நாட்டையும் அதன் கல்யாண உடையிலேயே நிறுத்திவிடும் ஆசைதான் அது. பட்டுப் புடைவை உடுத்து, நெற்றிச்சுட்டி அணிந்த மணப்பெண் ஒருத்தியை நிறுத்திவிட்டு, இதுதான் தமிழ்நாடு என்று எழுதிவிட்டால் போதுமா? கரிசல் காட்டில் பருத்தி எடுப்பவள் எங்கே? தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குபவள் எங்கே? அலுமினியப் பொடி படிந்து கையெல்லாம் வெள்ளிபோல் மின்ன, பட்டாசு ஆலையிலிருந்து அந்தியில் வீடு திரும்புபவர் எங்கே? தேசம் முழுவதும் தீபாவளிக்குக் கொளுத்தும் மத்தாப்பில் பெரும்பகுதி இவ்வட்டாரத்துக் கைகள் செய்தது. வெடி விபத்துகளில் உயிரிழந்தவர்களும் இவ்வட்டாரத்தவர்களே. ஒளியைப் பார்த்தவர்கள் அநேகர். அந்தக் கைகளைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கொலுப்படி புதியவர்களை ஏற்க மறுத்ததில்லை. காந்தியடிகள் படியேறியது எப்படி? மக்கள் விரும்பினார்கள், கைவினைஞர்கள் செய்தார்கள். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அது இங்கிருந்து வெகுதூரமில்லை. கேட்பார் இருந்தால் குழல் சுற்றும் பெண்ணையும் அவர்கள் செய்து தருவார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. வெம்பக்கோட்டைச் சுடுமண் உருவத்துக்குப் பக்கத்திலேயே அவளை நிறுத்தும் ஒரு பொம்மைக் காட்சிசாலை இந்த ஜில்லாவில் ஏற்படவேண்டும். பெரிய கட்டடம் கட்டும் வரையில் காத்திருப்பானேன்? பள்ளிக்கூடத்தில் ஓர் அறையும் ஒரு கண்ணாடி அலமாரியும் போதும். கண்மாய்க் களிமண்ணில் தங்கள் வீட்டார் செய்யும் தொழிலைக் குழந்தைகளே உருவாக்கட்டும்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நவராத்திரி முடிந்து பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் ஏற்றும்போது, ஒவ்வொன்றுடனும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். எந்த ஊரில் வாங்கியது, எந்த வருஷம், யாருடைய சீதனம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். சீட்டில்லாத பொம்மை மண்; சீட்டுள்ள பொம்மை சரித்திரம்.

அடுத்த நவராத்திரிக்கு நாரணாபுரம் செல்வதாக நண்பருக்கு எழுதியிருக்கிறோம். வழியில் விளாச்சேரியில் இறங்கி, ஒரு பொம்மைக்குச் சொல்லிவைத்துப் பெற்றுக்கொண்டு போவதாக உத்தேசம். சிறுமி அதைப் பார்த்து, "எங்க அம்மா சாடை இல்லையே" என்று குறை சொல்லக்கூடும். சொல்லட்டும்; திருத்திச் செய்யச் சொல்லலாம். "காணோமே" என்று மட்டும் அவள் இன்னொரு முறை சொல்லும்படி நாம் வைக்கக்கூடாது.