மூன்று சகோதரிகளின் பிள்ளைகள்

கிரிக்கெட் குடும்பம் என்றால், தகப்பனின் துடுப்பு மகன் கைக்கு வந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பாகிஸ்தானின் மஜீத் கான் பற்றியும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அவருடைய தகப்பன் ஜஹாங்கீர் கான், 1932இல் இந்தியாவின் முதலாவது டெஸ்ட் போட்டியில் விளையாடியவர். கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். மஜீதும் அதே பல்கலைக்கழகத்துக்குப் போய் 1971, 1972ஆம் ஆண்டுகளில் அதன் அணித்தலைவராக இருந்தார். மஜீதின் மகன் பாசித் கானும் 2005இல் டெஸ்ட் ஆடினார்.

ஆனால் இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒக்ஸ்போர்டில் படித்து விளையாடிய ஜாவித் பர்க்கியும் இம்ரான் கானும் மஜீதின் உறவினர்கள். மூவருமே பாகிஸ்தான் அணித்தலைவர்கள். இவர்கள் உறவானது வாப்பாமார் வழியில் அல்ல. மூவரின் உம்மாமாரும் உடன்பிறந்த சகோதரிகள். அவர்களில் ஒருவரான சௌகத் கானும் அவர்களின் பெயர், லாகூரில் 1994இல் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலைக்கு இருக்கிறது. மற்ற இருவரின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? மூன்று அணித்தலைவர்களை வளர்த்த வீடுகளை எண்ணும்போது உம்மாமாரை விட்டுவிடுவது நியாயமா?

இதை எழுதக் காரணம் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் எங்களில் பலருடைய விளையாட்டுச் சப்பாத்து அலுமாரிக்குள் போய்விடுகிறது. "ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு என்ன விளையாட்டு?" என்கிறார்கள். அதே வீட்டில், அதே உயர்தரம் படிக்கும் நானாவோ தம்பியோ அஸருக்குப் பிறகு மைதானத்துக்குப் போகிறார். படிப்புத்தான் காரணம் என்றால் அது இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு மஜீதின் வாழ்க்கையே பதில். 1964இல், 18 வயதில், அவர் டெஸ்ட் வீரர். அதன் பிறகுதான் கேம்பிரிட்ஜில் மாணவரானார். பட்டம் படித்ததால் ஆட்டமும் மங்கவில்லை. 1976இல் கராச்சியில் நியூசிலாந்துக்கு எதிராக, முதல் நாள் பகலுணவு இடைவேளைக்கு முன்னரே சதமடித்தார்.

"அவர் ஆண்பிள்ளை, உடை, ஒழுக்கம் என்று எங்களுக்கு எவ்வளவோ இருக்கிறது" என்று சில பெற்றோர் சொல்லக்கூடும். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஸ்கொட்லாந்து அணியின் சுழற்பந்து வீச்சாளர் அப்தஹா மக்சூத் ஹிஜாப் அணிந்தே சர்வதேசப் போட்டிகளில் விளையாடுகிறார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியமும் படித்தவர். உடையையும் படிப்பையும் விடாமலே விளையாடலாம் என்பதற்கு அவர் போதும்.

நாங்கள் எல்லோரும் தேசிய அணிக்குப் போகப் போவதில்லை. அதைக் கேட்கவும் இல்லை. எங்கள் கல்லூரி மைதானத்தில், எங்கள் ஆசிரியைகளின் பார்வையில், வாரத்தில் இரண்டு மாலைகள், ஒவ்வொரு மணித்தியாலம் கேட்கிறோம். அந்த இரண்டு நாளிலும் டியூஷன் வகுப்பைச் சற்றுப் பிந்தி வைக்க முடியுமா என்று, அன்பான பெற்றோரே, நீங்கள் ஆசிரியர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாளை நாங்களும் உம்மாமாராவோம். அப்போது எங்கள் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?