பிடிக்கத் தெரிந்தது, காக்கத் தெரியவில்லை!

தோழா! நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதற் காட்சியை மட்டும் எழுதிவிட்டுத் திரையைத் தூக்கினால், இரண்டாம் காட்சியில் நடிகன் விழிப்பான். 2003-இல் அமெரிக்க அரசு ஈராக்கில் அரங்கேற்றிய நாடகம் அத்தகையதே!

மார்ச் 20-இல் படை பாய்ந்தது. ஏப்ரல் 9-இல் பாக்தாத் வீழ்ந்தது. மறுநாள்? போருக்குப் பிந்திய நிருவாகத்திற்கென அலுவலகம் அமைத்ததே அவ்வாண்டு ஜனவரியில்தான்! எண்ணிப் பார்த்தவரே இல்லையா? இருந்தார். பல இலட்சம் வீரர்கள் தேவைப்படுவர் என்று செனட் குழுவின்முன் பிப்ரவரியிலேயே சொன்னார் தரைப்படைத் தளபதி ஷின்செகி. இரண்டே நாளில் அதை எள்ளித் தள்ளினார் பாதுகாப்புத் துணை அமைச்சர் உல்ஃபோவிட்ஸ்.

விளைவு என்ன? எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் இருந்தது. தேசிய அருங்காட்சியகத்துக்கு இல்லை! எழுத்துப் பிறந்த மண்ணின் செல்வம், ஏறத்தாழ 15,000 பொருள்கள், சூறை போயின. இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்றார் அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு!

அதனினும் கொடிது கேள். ஆட்சியாளராக வந்த பிரெமர் மே 23-இல் ஓர் ஆணையிட்டார். ஈராக்கியப் படை கலைக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வீடு திரும்பினர். அடுப்பெரியச் சம்பளம் இல்லை. ஆனால் ஆயுதம் பிடிக்கும் பயிற்சி இருந்தது, ஆத்திரமும் இருந்தது. ஊதியம் கேட்டு ஜூன் 18-இல் பாக்தாதில் திரண்டனர். அமெரிக்க வீரர்கள் சுட்டதில் இருவர் மாண்டனர்.

ஐந்து நாள் கழித்துத்தான், தோழா, உதவித்தொகை தருவதாக அறிவித்தார்கள்!