பாறையைப் பார்க்காத அனுமதி



அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பஃபலோ ஆற்றில் கலக்கும் ஓடையருகே சுமார் 6,500 பன்றிகள் வளர்க்க 2012-ல் அரசே அனுமதி கொடுத்தது. 1972-லேயே ‘தேசிய ஆறு’ என்று சட்டம் போட்டுக் காப்பாற்றிய ஆறு அது! அடியில் இருப்பதோ விரிசலும் குகையுமான சுண்ணாம்புப் பாறை. வயலில் தெளித்த கழிவு எந்த ஊற்றில் தலைகாட்டும் என்று யாரால் சொல்ல முடியும்? பண்ணைக் கடனுக்கு உத்தரவாதம் தந்த மத்திய அமைப்புகளின் சுற்றுச்சூழல் ஆய்வு குறைபாடுடையது என்று 2014-ல் நீதிமன்றமே சொன்னது. அப்புறமும் வழக்குகள் இழுத்தடித்தன. ஒருவழியாக 2019-ல், பண்ணையை மூட உரிமையாளர்களுக்கு 62 லட்சம் டாலர் தர மாநில அரசு ஒப்புக்கொண்டது. கேட்டு அனுமதி வாங்கியவர்களைத் திட்டி என்ன பயன்? கையெழுத்துப் போட்டவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

- ஒரு வாசகர்