தெருநாய் விவாதத்தில் மறைந்துபோகும் கேள்வி: வீட்டு நாய்க்குத் தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டதா?

புதுதில்லி: தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு நாடெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பியது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த உத்தரவைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டவை, அந்நோய் இருப்பதாக ஐயுறப்படுபவை, மூர்க்கமானவை ஆகியவற்றை விடக்கூடாது என்பது திருத்தத்தின் சாரம். நவம்பர் 7-ஆம் தேதி பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்கள் போன்ற வளாகங்களுக்குத் தனி உத்தரவும் வந்தது.

இவ்விவாதத்தில் தெருவே பேசப்பட்டது, வீடு பேசப்படவில்லை. நாயைத் தாக்கும் நோய்களோ வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே வேறுபாடு பார்ப்பதில்லை. வளர்ப்பு நாய்க்குக் குடற்புழு நீக்குதல், தடுப்பூசி போடுதல், கருத்தடை செய்தல் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு என்று மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. அந்தப் பொறுப்பு எந்த அளவுக்கு நிறைவேற்றப்படுகிறது என்பதே இப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பதிவாகாத மரணங்கள்

2024-ஆம் ஆண்டில் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடி நிகழ்வுகளும், வெறிநோயால் நேர்ந்ததாக ஐயுறப்படும் 54 மரணங்களும் பதிவானதாக மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. ஆனால் இந்தியாவில் ஆண்டுதோறும் 18,000 முதல் 20,000 பேர் வரை இந்நோயால் இறக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் நெடுநாளைய மதிப்பீடு. இவ்விரு எண்களுக்கும் இடையிலான தொலைவு, மருத்துவமனையை எட்டாமலும் ஏட்டில் ஏறாமலும் போகும் மரணங்கள் குறித்த கவலையை எழுப்புகிறது. இறப்போரில் பெரும் பங்கினர் 15 வயதுக்கு உட்பட்ட சிறார்கள்.

மனிதரைத் தாக்கும் வெறிநோயில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்களின் வழியே பரவுகிறது. அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆயினும் கடிபட்டவுடன் முறையாகச் சிகிச்சை பெற்றால் இது முற்றிலும் தடுக்கக்கூடிய நோய். 2025-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைக் காப்பாற்றிய இளைஞர் ஒருவர், அப்போது ஏற்பட்ட சிறு கடியைப் பொருட்படுத்தாமல் விட்டுச் சில வாரங்களில் வெறிநோய்க்குப் பலியானார். சிறு குட்டி, சிறு காயம் என்ற அலட்சியம் வீட்டுக்குள்ளும் நிலவுகிறது. 'எங்கள் நாய்தானே' என்ற நம்பிக்கையில் கீறலையும் கடியையும் கழுவாமல் விடும் குடும்பங்கள் ஏராளம்.

வெறிநோய் கண்ட நாய் எப்போதும் சீறிப் பாய்ந்து கடிக்கும் என்பதும் தவறான எண்ணம். வாத வகை வெறிநோயில் நாய் இருளில் ஒதுங்கும், தாடை தொங்கும், உமிழ்நீர் வடியும், விழுங்க இயலாமல் திணறும். தொண்டையில் எலும்பு சிக்கியதாக எண்ணி உரிமையாளர் அதன் வாய்க்குள் கைவிடுவது பேராபத்தில் முடியக்கூடும். இத்தகைய அறிகுறிகள் கண்டால் நாயைத் தனிமைப்படுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைப்பதே முறை.

நான்கு மாத இடைவெளி

நாய்க்குட்டிகளை அதிகம் கொல்லும் நோய்களுள் முதன்மையானது பார்வோ. 1978-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவத் தொடங்கிய இந்த வைரஸ், குடலைத் தாக்கி வாந்தியையும் இரத்தக் கழிச்சலையும் உண்டாக்குகிறது. உடலின் நீர்ச்சத்து வற்றி ஓரிரு நாளிலேயே குட்டி இறந்துவிடக்கூடும். மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும் இக்கிருமி, காலணியில் ஒட்டிக்கொண்டும் வீட்டுக்குள் நுழையும். வெளியே செல்லாத நாய்க்குத் தடுப்பூசி தேவையில்லை என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஒரே ஓர் ஊசி போதாது என்பதற்கும் காரணம் உண்டு. தாய்ப்பாலின் வழியே குட்டிக்குக் கிடைக்கும் எதிர்ப்புப் பொருள்கள் முதல் சில வாரங்களில் அதைக் காக்கின்றன. அதே வேளையில் தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்கின்றன. அவை எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஆகவேதான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வார வயது நிறையும்வரை தவணைகள் தொடர வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில் போடப்படுகிறது. அதன் பின் ஆண்டுதோறும் ஊக்கத் தவணை தேவை. முதல் ஊசியோடு நின்றுவிடும் குட்டி, காக்கப்பட்டதாகக் கருதப்பட்டும் காப்பற்றே வளர்கிறது.

காடுவரை சென்ற நோய்

காய்ச்சல், மூக்கு மற்றும் கண்ணில் நீர்வடிதல் எனத் தொடங்கி நரம்பு மண்டலத்தைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயின் ஆபத்தை 2018-ஆம் ஆண்டு குஜராத்தின் கிர் வனப்பகுதி உணர்த்தியது. அங்கு சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட ஆசியச் சிங்கங்கள் இறந்தன. அவற்றுள் சிலவற்றின் மாதிரிகளில் டிஸ்டெம்பர் வைரஸ் இருப்பது உறுதிசெய்யப்பட்டது. எஞ்சிய சிங்கங்களைக் காக்க வெளிநாட்டிலிருந்து தடுப்பூசி வரவழைக்கப்பட்டது. இந்த வைரஸின் முக்கிய இருப்பிடங்களுள் ஒன்று தடுப்பூசி போடப்படாத நாய்கள்தாம்.

மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல், நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிப்பதோடு மனிதரையும் தொற்றும். வெப்ப நாடான இந்தியாவில் உண்ணித் தொல்லை ஆண்டு முழுவதும் நீடிப்பதால் உண்ணிக் காய்ச்சலும் பரவலாகக் காணப்படுகிறது. சோர்வு, உணவில் நாட்டமின்மை, ஈறு வெளிறுதல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

நோய்க்கிருமி அல்லாத ஆபத்துகளும் உண்டு. கைப்பேசி நிறுவன விளம்பரம் ஒன்றால் புகழ்பெற்ற பக் போன்ற தட்டை முக இன நாய்கள், மூச்சிரைத்து உடல் வெப்பத்தைத் தணிப்பதில் சிரமப்படுவதால் கோடையில் எளிதில் வெப்பவாதத்துக்கு உள்ளாகின்றன. சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்களுக்கு நஞ்சு. மனிதருக்கான வலி நிவாரணி மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றிக் கொடுப்பதும் உயிருக்கு உலை வைக்கும்.

கோவா காட்டிய வழி

தொடர் தடுப்பூசி முகாம்களும் பள்ளிகளில் விழிப்புணர்வுப் பணியும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கோவா சான்று. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய்ப் பரவல் அறுபடும் என்பது அறிவியல் அடிப்படையிலான இலக்கு. அதை எட்டிய அம்மாநிலத்தில் நாய்களிடையே இந்நோய் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக ஆய்வு வெளியானது. 2018-ஆம் ஆண்டு முதல் மனித மரணம் நிகழவில்லை என்று 2021-இல் மாநில அரசு அறிவித்தது. அதே ஆண்டில், 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு வெளியிட்டது.

70 விழுக்காடு என்ற கணக்கில் வளர்ப்பு நாய்களும் அடங்கும். தெருநாயைப் பிடிக்க வலையும் வாகனமும் பயிற்சி பெற்ற ஆளும் தேவை. வீட்டு நாய்க்கோ உரிமையாளர் மனம் வைத்தாலே போதும். எளிதில் எட்டக்கூடிய இப்பகுதியே நழுவிப்போனால் இலக்கு மேலும் தொலைவாகும். தில்லி மாநகராட்சிச் சட்டம் 1957-ஆம் ஆண்டு முதலே நாய்ப் பதிவுக்கு வகை செய்கிறது. எனினும் அபராத அச்சத்தால் மட்டும் பதிவை முழுமையாக்கிவிட முடியாது. அரசுக் கால்நடை மருத்துவ அமைப்பு பெரிதும் பசு, எருமை போன்றவற்றை மையமாகக் கொண்டு வளர்ந்தது. தனியார் சிகிச்சைச் செலவோ பல குடும்பங்களுக்கு எட்டாதது. எனவே பதிவு செய்யும் இடத்திலேயே இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தடுப்பூசி கிடைக்கச் செய்வது உள்ளாட்சிகளின் கடமையாகிறது.

நாய் கடித்தாலோ கீறினாலோ, அது வளர்ப்பு நாயாக இருப்பினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு போன்றவற்றைத் தடவக்கூடாது. தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். ஆழமான காயமாயின் இம்யூனோகுளோபுலின் மருந்தும் அவசியம். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கலாம். ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது.

தெருநாய்கள் குறித்த சட்டப் போராட்டம் நீதிமன்றங்களில் தொடரலாம். தன் வீட்டு நாயின் தடுப்பூசி அட்டையில் அடுத்த தவணை எந்தத் தேதியில் என்று பார்ப்பதற்கு எந்த உரிமையாளரும் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.