அரங்கம் நகருக்குள் இருக்கட்டும்

விளையாட்டரங்கம் எங்கே அமைய வேண்டும் என்ற விவாதம் பெரும்பாலும் நிலத்தில் தொடங்கி நிலத்திலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை ஏக்கர், யாருடைய புறம்போக்கு, என்ன விலை என்று அதிகாரிகள் பார்க்கிறார்கள். ஆட்டம் பார்க்க வருபவருக்கு இருக்கும் கவலை வேறு. கூடைப்பந்தும் கைப்பந்தும் கபடியும் இப்போது மின்னொளியில், மாலையில் தொடங்கி இரவில் முடியும் ஆட்டங்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். மாலையில் போய்ச் சேர்வது யாருக்கும் கடினமில்லை. கடைசி ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி நடக்கும்போது, ஊர் வழியாகப் போகும் பண்ருட்டிப் பேருந்து கிளம்பிவிடுமோ என்று எழுந்து போக வேண்டியிருக்கிறதா இல்லையா என்பதுதான் அந்த ரசிகருக்கு அரங்கத்தின் தரம். இடத் தேர்வும் திரும்பும் வழியும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். ஒன்றை முடிவுசெய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களிலெல்லாம் ரசிகர்கள் அவதிப்பட்டிருக்கிறார்கள்.

இந்த விவாதம் அதிகம் நடந்த நாடு அமெரிக்கா. அங்கே கூடைப்பந்து அரங்கங்கள் 1970களிலும் 80களிலும் நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போயின. கார் வைத்திருப்பவருக்கு அது வசதி; இல்லாதவருக்குக் கதவடைப்பு. பிறகு காற்று திசை மாறியது. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் கிங்ஸ் அணி, வடக்கே நட்டோமஸ் சமவெளியில் இருந்த பழைய அரங்கத்தை விட்டு 2016இல் நகர மையத்துக்கு வந்தது. அப்போது ரசிகர்கள் இரண்டு தரப்பாகப் பிரிந்தார்கள். புறநகரிலிருந்து காரில் வந்து அரங்க வாசலிலேயே நிறுத்திப் பழகியவர்கள், மையத்தில் வண்டியை எங்கே விடுவது என்று கேட்டார்கள். நகரத்தில் வேலை பார்ப்பவர்கள், அலுவலகம் முடிந்ததும் நடந்தோ டிராமிலோ ஆட்டத்துக்குப் போகலாம் என்று மகிழ்ந்தார்கள். இரண்டு தரப்பின் பேச்சிலும் நியாயம் இருந்தது.

தலைநகர் வாஷிங்டனின் கதை இன்னும் பாடம் தருவது. அங்கே 1973இல் மேரிலாண்டின் லேண்டோவர் புறநகரில் திறக்கப்பட்ட அரங்கத்தைக் கைவிட்டு, 1997 டிசம்பரில் அணி நகரின் நடுவே, சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலேயே கட்டிய அரங்கத்துக்கு வந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2023 டிசம்பரில், ஆற்றுக்கு அப்பால் அலெக்சாண்டிரியாவின் பொட்டாமக் யார்டுக்குப் போகலாம் என்று உரிமையாளர் அறிவித்தார். அங்கும் ரயில் நிலையம் உண்டு. அது அந்த ஆண்டுதான் திறக்கப்பட்ட ஒரு சிறிய நிலையம். ஆட்டம் விட்டதும் ஒரே நேரத்தில் வெளியேறும் கூட்டத்தை அது தாங்குமா என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. வர்ஜீனியா சட்டமன்றத்தின் ஒப்புதலும் கிடைக்காமல் 2024 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. அணி பழைய இடத்திலேயே நின்றது. பிலடெல்ஃபியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே மையத்துக்கு வரவிருந்த அரங்கத்தை, பக்கத்தில் குடியிருக்கும் சைனாடவுன் மக்கள் தங்கள் தெருக்கள் அழியும் என்று எதிர்த்தார்கள். நகரமன்றம் 2024 டிசம்பரில் அனுமதி தந்தும், அடுத்த மாதமே அணி பின்வாங்கிவிட்டது. நகருக்குள் அரங்கம் வருவது எல்லோருக்கும் எப்போதும் நன்மை என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது சாட்சி.

தமிழ்நாட்டில் இதை ஒத்த இடமாற்றம் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934இல் நடந்ததும், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952இல் பெற்றதும் சேப்பாக்கத்தில். ஆனால் 1956 தொடக்கத்திலிருந்து 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் பெரியமேட்டை ஒட்டிய மாநகராட்சி மைதானத்தில் நடந்தன. வினு மன்காடும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் சேர்த்தது அங்கேதான். 1967 ஜனவரியில் டெஸ்ட் மீண்டும் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. இந்த இடமாற்றங்களில் ரசிகர் பெரிதாக எதையும் இழக்கவில்லை. ஒன்று சென்ட்ரலுக்கு நடை தூரம். மற்றது மெரினாவுக்கு நடை தூரம். இரண்டுமே நகருக்குள் இருந்தன. அந்த மாநகராட்சி மைதானம்தான் இன்றைய ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். அதன் உள்ளரங்கத்தில் 2009இல் ஆசிய மகளிர் கூடைப்பந்து சாம்பியன் போட்டி நடந்தது. வெளியூரிலிருந்து சென்ட்ரலிலோ எழும்பூரிலோ இறங்கும் ஒருவர் இன்னொரு வண்டி பிடிக்காமலே போய்ச் சேரக்கூடிய உள்ளரங்கம் அது.

சேப்பாக்கத்தின் வசதி படிப்படியாகக் கூடியது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையான பறக்கும் ரயில் 1995இல் வந்தது. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம் 2019இல் திறந்தது. அண்மைய ஐ.பி.எல். பருவங்களில் இன்னொரு நல்ல ஏற்பாடும் சேர்ந்தது: சென்னை அணி நிர்வாகத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆட்டத்துக்கான டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் கட்டணமின்றிப் போய்வரலாம், ரயில்களும் நள்ளிரவு தாண்டி ஓடும். 2024இல் மாநகரப் பேருந்துகளுக்கும் இது விரிந்தது. பெல்ஸ் சாலையிலும் வாலாஜா சாலையிலும் வாகன நெரிசலைத் தடுக்கப் போலீசார் படும் பாடு அதனால் முழுவதும் தீரவில்லை. ஆனாலும் ஆட்டத்தின் விலைக்குள்ளேயே பயணத்தையும் சேர்த்துவிட்ட இந்தச் சிந்தனை, புதிய நாற்காலிகளையும் கூரைகளையும் விட ரசிகருக்குப் பெரிய உபகாரம்.

இதே சேப்பாக்கம் கடலூர் மாவட்டத்து ரசிகருக்கு அண்மையில் தள்ளிப்போய்விட்டது. அரங்கம் அசையவில்லை, பேருந்து நிலையம் அசைந்தது. முன்பு கோயம்பேட்டில் இறங்கியவர் அங்கேயே மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கிவிட முடிந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு, திண்டிவனம் வழியே ஜி.எஸ்.டி. சாலையில் வரும் அரசுப் பேருந்துகளுக்கு அதுவே கடைசி நிறுத்தம். மெட்ரோ இன்னும் அங்கே எட்டவில்லை. மாநகரப் பேருந்து ஏறி, புறநகர் ரயிலோ மெட்ரோவோ மாறி, அதன் பிறகுதான் அரங்கம். இரவில் அதே வழியில் திரும்ப வேண்டும். எழும்பூர் வரை ரயிலில் வருபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பகலில் வரும் சோழன் எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்கள் ஆட்ட நேரத்துக்காக ஓடுபவை அல்ல. அரங்கத்தை நகர்த்தாமலே ரசிகரைத் தூரமாக்கிவிட முடியும் என்பதைத் திட்டமிடுபவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆட்டங்களே இடம் மாறிய ஆண்டு ஒன்றும் உண்டு. 2018 ஏப்ரலில் காவிரிப் பிரச்சினைக்கான போராட்டத்தின் நடுவே சென்னையில் ஐ.பி.எல். ஆட்டம் ஒன்று மட்டும் நடந்தது. மீதி புனேவுக்குப் போயின. காவிரியின் கடைமடைப் பகுதியான சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் அந்தப் போராட்டம் வயல் சம்பந்தப்பட்டது; ஆட்டம் அதற்குப் பிறகுதான். அப்போது சுமார் 1,000 ரசிகர்களை ஒரு தனி ரயிலில் ஏற்றி, உணவும் டிக்கெட்டும் தந்து அணி நிர்வாகம் புனேவுக்கு அழைத்துப் போனது. அணிகள் மனம் வைத்தால் ரசிகரின் பயணத்தைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள முடியும். அந்த மனம் ஒரு பருவத்தின் நெருக்கடிக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது.

மாவட்டங்களில் புதிதாக வந்த கிரிக்கெட் மைதானங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே அமைந்தன. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியபோது திண்டுக்கல் ஆட்டங்கள் நத்தம் கல்லூரி மைதானத்துக்குப் போயின. சேலத்து ஆட்டங்களுக்கு வாழப்பாடி அருகே மைதானம் உருவானது. கடலூருக்கு அருகில் உள்ள பெரிய கிரிக்கெட் மைதானம், புதுச்சேரிக்கு வெளியே துத்திப்பட்டில். கிரிக்கெட்டுக்கு அகன்ற நிலம் வேண்டும். அதனால் வெளியே போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கூடைப்பந்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் சில ஆயிரம் பேர் உட்காரும் படிகளோடு, அது ஒரு பள்ளி மைதானத்தின் மூலைக்குள் அடங்கிவிடும். பெரியகுளத்திலும் கரூரிலும் ஆண்டுதோறும் அகில இந்தியப் போட்டிகள் நடப்பது ஊருக்குள்தான். ராணுவம், ரயில்வே, வங்கி அணிகள் அங்கே வந்து ஆடுகின்றன. சாப்பிட்டுவிட்டு நடந்து வரும் குடும்பங்கள் அவற்றைப் பார்க்கின்றன. கூடைப்பந்து இந்த ஊர்களில் வேர் பிடித்ததற்கு அந்த நடை தூரம் ஒரு முக்கியக் காரணம்.

பார்வையாளர் பழக்கத்தையும் சடங்கையும் விட்டு இடத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை அலங்காநல்லூர் காட்டுகிறது. அதற்கு அருகே கீழக்கரையில் ரூ.44 கோடியில் கட்டப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24இல் திறக்கப்பட்டது. அங்கே தனியாகப் போட்டிகள் நடத்தலாம்; ஆனால் தங்கள் ஊர் ஜல்லிக்கட்டு ஊர் வாடிவாசலிலேயே நடக்க வேண்டும் என்று அலங்காநல்லூர் மக்கள் உறுதியாக இருந்தார்கள். காணும் பொங்கல் அன்று காளைகள் இன்றும் பழைய வாடிவாசலிலிருந்துதான் பாய்கின்றன.

இந்தப் பின்னணியில் கடலூர் மாவட்டத்தைப் பார்த்தால், முன்னோர் செய்த இடத் தேர்வு நன்றாகவே இருக்கிறது. அண்ணா விளையாட்டரங்கம் மஞ்சக்குப்பம் பகுதியில், ஊருக்குள் இருக்கிறது. கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் அருகருகே. சிதம்பரத்தில் ரயில் நிலையத்துக்கு மேற்கே கோயில் நகரம், கிழக்கே அண்ணாமலைநகர். பல்கலைக்கழக மைதானங்களுக்கு நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நெய்வேலியின் பாரதி விளையாட்டரங்கம் நகரியத்துக்குள் வசிப்பவர்களுக்கு அருமையானது. நெடுஞ்சாலைப் பேருந்தில் வருபவர் ஆர்ச் கேட்டில் இறங்கி உள்ளே வர வேண்டும்.

நெல்லிக்குப்பம் இவற்றுக்கு நடுவே சொந்தப் பெரிய அரங்கம் இல்லாமல் வாழும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை கண்ட நகரம். விழுப்புரம் – கடலூர் ரயில் பாதையில் தனக்கென ஒரு நிலையம் உள்ள நகரம். ஆனால் அந்தப் பாதையில் நின்று போகும் ரயில்கள் குறைவு. அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டும்போது கடலூர் – பண்ருட்டிச் சாலையில் பேருந்தும் நகராது. ஆகவே கடலூர் அரங்கம் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி, வேறொரு திசையில் புறவழிச் சாலைக்குப் போனால் அதன் முழுச் சுமையும் நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களின் மேல்தான் விழும். ஒரு பேருந்தில் முடியும் பயணம் இரண்டாகும். இரண்டாவது பேருந்துதான் இரவில் கிடைக்காது.

வெளியே போகலாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. மஞ்சக்குப்பத்துச் சாலைகள் குறுகல். கார்களுக்கு இடமில்லை. தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடையே கிடக்கும் நகரம் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியது; 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்டதை யாரும் மறக்கவில்லை. மேடான நிலம் வேண்டும் என்பது சரியான கோரிக்கை. அதற்குக் கட்டடத்தின் தளத்தை உயர்த்துவது ஒரு வழி. கார் நெரிசலுக்கோ இந்த மாவட்டமே விடை வைத்திருக்கிறது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளும் மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினக் கடற்கரையும் எந்த அரங்கத்தையும் விடப் பெரிய கூட்டத்தைத் தாங்குகின்றன. சிறப்புப் பேருந்துகளும் ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்தங்களும் அன்று இயங்குகின்றன. வந்தவர்களில் பெரும்பாலோர் பேருந்திலும் ரயிலிலும் வந்தவர்கள். கோயிலுக்காக ஆண்டுதோறும் செய்யப்படும் ஏற்பாட்டை ஒரு போட்டிக்காகச் சிறிய அளவில் செய்ய முடியாதா என்ன?

அதோடு, யார் ஆட்டம் பார்க்க வருகிறார்கள் என்பதையும் இடமே தீர்மானிக்கிறது. மகளிருக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் இலவசம். நகரப் பேருந்து ஓடும் தடத்தில் அரங்கம் இருந்தால், பள்ளி அணியில் ஆடும் ஒரு பெண்ணும் அவளைப் பார்க்க வரும் அம்மாவும் செலவில்லாமல் வந்து போகலாம். தடத்துக்கு வெளியே இருந்தால் ஆட்டோவுக்குக் காசு வேண்டும், அழைத்துப் போக ஒருவரும் வேண்டும். அப்போது படிகளில் இருசக்கர வாகனம் வைத்திருக்கும் ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். கூடைப்பந்து தமிழ்நாட்டில் பெண்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நன்கு வளர்ந்த ஆட்டம். அதன் ரசிகர்களில் பாதியை இடத் தேர்வே வெளியே நிறுத்திவிடக் கூடாது.

கடலூருக்குக் கூடைப்பந்துக்கான புதிய உள்ளரங்கம் வருமானால் அது மஞ்சக்குப்பத்தில், இப்போதுள்ள விளையாட்டு வளாகத்தை ஒட்டியே வர வேண்டும். போட்டி அட்டவணையை விளையாட்டு அலுவலரும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரும் சேர்ந்து தயாரிக்க வேண்டும்: கடைசி ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்து பண்ருட்டிக்கு ஒன்று, சிதம்பரத்துக்கு ஒன்று என இரண்டு பேருந்துகள் புறப்பட்டால் போதும். சென்னை செய்தது போல் டிக்கெட்டையே பயணச் சீட்டாகவும் ஏற்கலாம். அரங்கத்துக்கான மதிப்பீடு தயாராகும் நாளிலேயே இந்த இரண்டு பேருந்துகளுக்கான செலவையும் அதில் ஒரு வரியாக எழுதிவிடும்படி மாவட்ட நிர்வாகத்தை நெல்லிக்குப்பத்து மக்கள் இப்போதே கேட்க வேண்டும்.