நகைக்கடை மேசையில் உருவான வியூகம்

பெரிய நிறுவனம் ஒன்றின் வியூகம் எங்கே உருவாகிறது என்று கேட்டால், தலைமை அலுவலகத்தில், ஆலோசகர்கள் கொண்டுவரும் தடித்த அறிக்கையில் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஓசூரில் வேர்விட்ட டைட்டன் நிறுவனத்தின் நகைத் தொழிலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கைகோத்துத் தொடங்கிய கைக்கடிகார நிறுவனம் அது. இன்றும் அதில் டிட்கோவின் பங்கு கிட்டத்தட்ட 28 சதவீதம். கடிகாரத்துக்கான பாகங்களை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. நகை செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினால் அது கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு பலிக்கவில்லை. ஆனால் ஆலை எழும்பிவிட்டது. அதைச் சும்மா போட்டுவைக்க முடியாமல் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பினார்கள். 1996-ல் தனிஷ்க் என்ற பெயரில் நகைக்கடை திறந்தார்கள்.

கடையில் இருந்தவை 18 காரட் நகைகள். கல் பதிக்க அந்தத் தங்கம்தான் உறுதியானது. மேல்நாட்டு வேலைப்பாடும் நேர்த்தியாக இருந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள், ரசித்தார்கள், வாங்காமல் போனார்கள்.

காரணம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மகளின் கல்யாணம், மகனின் கல்லூரிக் கட்டணம், நள்ளிரவில் வரும் ஆஸ்பத்திரிச் செலவு என எல்லாவற்றுக்கும் கழுத்தில் கிடக்கும் நகைதான் கைகொடுக்கிறது. அடகுக் கடைக்குப் போனால் அங்கே வேலைப்பாட்டை யாரும் பார்ப்பதில்லை. எடையும் மாற்றும்தான் பேசும். நான்கில் ஒரு பங்கு வேறு உலோகம் கலந்த 18 காரட்டை நம்பி எந்தத் தாய் சீட்டுப் பணத்தைக் கொடுப்பார்? நிறுவனத்துக்கு இதைப் புரியவைத்தவை விற்காமல் கிடந்த நகைகள்தான்.

22 காரட்டுக்கு மாறினார்கள். ஆனால் அதைத்தான் தெருமுனை நகைக்கடையும் விற்கிறது. தாத்தா காலத்திலிருந்து பழகிய கடைக்காரரை விட்டுவிட்டுப் புதிய கடைக்கு ஏன் போக வேண்டும்?

அதற்கான பதில் ஒரு கருவியாக வந்து உட்கார்ந்தது. அதுவரை தங்கத்தின் மாற்றை அறிய உரைகல்லில் உரசுவார்கள், இல்லையென்றால் உருக்குவார்கள். இரண்டும் நடப்பது கடைக்காரரின் கையில்தான். தனிஷ்க் கடைகளில் வைத்த காரட் மீட்டர், நகையைச் சிதைக்காமல் எக்ஸ்ரே கதிரால் சோதித்துச் சில நிமிடங்களில் திரையில் எண்ணைக் காட்டியது. 22 காரட் என்று நம்பி வாங்கிய நகைகள் பல, வாடிக்கையாளரின் கண்ணெதிரிலேயே அதற்குக் கீழே இறங்கின. ஹால்மார்க் முத்திரைத் திட்டமே 2000-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அது கட்டாயமாகத் தொடங்கியது 2021-ல். கடைக்காரரின் பேச்சுதான் உத்தரவாதம் என்று இருந்த வியாபாரத்தில் இந்த எண் பெரிய அதிர்ச்சி.

அம்மா கொடுத்துவிட்டுப் போன சங்கிலி மாற்றுக் குறைவு என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அவர் மனம் நோகாமலும், பழைய கடைக்காரரைத் திட்டாமலும் சொல்ல வேண்டும். தலைமை அலுவலகத்தில் எடுத்த முடிவு நிலைப்பதும் கவிழ்வதும், மேசைக்குப் பின்னால் நிற்கும் அந்த விற்பனையாளர் வாயைத் திறக்கும் நொடியில்தான். செயலாக்கம் என்று மேலாண்மைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சொன்னதோடு விடாமல், 19 காரட்டுக்கு மேல் உள்ள பழைய நகையைக் கொண்டுவந்தால் செய்கூலி மட்டும் கொடுத்து 22 காரட் நகை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். மாற்றுக் குறைவின் நஷ்டத்தை நிறுவனமே ஏற்றது. நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அது. கொடுக்கத் தகுந்த விலை.

இன்று டைட்டனின் வருவாயில் பெரும்பங்கு நகையிலிருந்து வருகிறது. கடிகாரம் பின்னால் நிற்கிறது. எல்லாமே முன்கூட்டித் தீட்டிய திட்டம் என்று இப்போது எழுதினால் அது பொய். ஆரம்ப ஆண்டுகளில் நகைப் பிரிவு நஷ்டத்தில்தான் ஓடியது. பொறுத்துக்கொள்ளும் முதலாளிகள் இல்லையென்றால் கருவி வருவதற்கு முன்பே கடையை மூடியிருப்பார்கள். அந்தப் பொறுமை எல்லா நிறுவனத்துக்கும் வாய்க்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோற்ற 18 காரட்டும் செத்துவிடவில்லை. 2008-ல் சென்னையில் இணையக் கடையாகத் தொடங்கிய காரட்லேன் நிறுவனத்தின் பெரும்பங்கை 2016-ல் டைட்டன் வாங்கியது. தினமும் அலுவலகத்துக்கு அணிந்துபோகும் மெல்லிய 14, 18 காரட் நகைகளை அது விற்கிறது. சேமிப்பு என்று நினைக்காமல் தமக்குப் பிடித்ததைத் தாமே சம்பாதித்து வாங்கும் பெண்கள் இப்போது இருக்கிறார்கள்.

தொழில் தொடங்கத் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் அதை வங்கிக்குக் கொடுக்கும் முன் ஒரு வாரமாவது ஏதேனும் ஒரு கடையின் மேசைக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வாங்குகிறவரைவிட, பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவரிடம் நின்று பேசுங்கள்.